வாயைத் திறப்பதா, வாசலைத் திறந்து வைப்பதா?

மண்டபம் முகாமில் ஒரு அக்கா இருக்கிறார். 2009இல் இலங்கையின் இறுதிப் போரில் காயம்பட்ட தன் அம்மாவோடு புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைக் கப்பலில் திருகோணமலைக்குத் தப்பிப் போனவர். "செஞ்சிலுவைக்காரர் எல்லாத்தையும் பார்த்தவை தானே தம்பி, ஆர் அடிச்சதெண்டு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். சர்வதேச செஞ்சிலுவைக் குழு அப்போது முழுக்க ஊமையாக இருக்கவில்லை. மருத்துவமனை மீது குண்டு விழுந்ததைச் சொன்னது. போட்டது யார் என்று சொல்லவில்லை. அதுதான் அவர்கள் வழி. குற்றம் சாட்டினால் வாசல் அடைபடும், உள்ளே கிடப்பவர் சாவார். 2008 செப்டம்பரில் மற்ற அமைப்புகளை இலங்கை அரசு போர் நடந்த வன்னியை விட்டு வெளியேறச் சொன்னபோதும் இவர்கள் தங்க முடிந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கடல்வழியே மீட்டார்கள்.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வழி வேறு. நைஜீரியாவின் பியாஃப்ரா போரைப் பார்த்துக் கொதித்த பிரெஞ்சு மருத்துவர்களும் சேர்ந்து 1971இல் தொடங்கியது; கண்டதைச் சொல்வதும் வைத்தியத்தில் சேர்த்தி என்பார்கள். 1985இல் எத்தியோப்பியாவில், மக்களைக் கட்டாயமாக இடம்பெயர்க்க நிவாரணம் பயன்படுகிறது என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். அவர்களுடைய பிரெஞ்சுப் பிரிவை நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். அவர்களை நம்பியிருந்த நோயாளிகளின் கதி?

சரி, எது மேல்? மௌனத்தால் யாராவது வெளியே வருகிறார்களா என்று பார்ப்பதுதான் என் அளவுகோல். 1942இல் நாஜி வதை பற்றி அறிக்கை விடலாமா என்று செஞ்சிலுவைக் குழு கூடிப் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தது. அந்த மௌனம் வதைமுகாம்களின் கதவைத் திறக்கவில்லை. அதை ஏற்கவே முடியாது. வன்னியில் கப்பல் வந்தது, ஆட்கள் ஏறினார்கள். அங்கே நான் மௌனத்தின் பக்கம். உரக்கப் பேசியிருக்க வேண்டியவர்கள் கையில் நோயாளி இல்லாத, தமிழ்நாட்டில் இருந்த நாம்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தானே.

இதைச் சொன்னபோது அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "மே 9க்குப் பிறகு கப்பலே வரேல்லை. அதுக்குப் பிறகாவது சொல்லியிருக்கலாம் தானே?"

என் அளவுகோலின்படியே அவர் கேட்டது சரி.