படிவம் ஆறா, தனியார் கல்லூரியா: சட்டம் படிக்க விரும்பும் சுங்கை சிப்புட் பிள்ளைகளுக்கான இரு வழிகள்

ஐந்தாம் படிவத்தின் இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவந்ததும், சட்டம் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: படிவம் ஆறில் சேர்த்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருப்பதா, இப்போதே கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் சேர்த்துவிடுவதா? பால்மரம் வெட்டி ஓய்வுபெறும் தறுவாயில் இருக்கும் ஒரு தாயார், "தம்பி, என் இ.பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டிடலாமா?" என்று கேட்டார். பிள்ளையின் படிப்புக்காக அந்த ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்க விதி இடம் தருகிறது. ஆனால் தோட்டத்து லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான் நமக்குச் சொந்தம். அதன்பின் ஒரு கூரையைத் தேட அவருக்கு அந்தச் சேமிப்பைத் தவிர வேறெதுவும் இல்லை. அவருடைய கேள்வியை முன்னால் வைத்தே இரு வழிகளையும் ஒப்பிடுகிறேன்.

முதல் வழியில், மாணவர் அரசாங்க இடைநிலைப்பள்ளியில் மூன்று பருவங்கள் கொண்ட படிவம் ஆறின் எஸ்.டி.பி.எம். படித்து, அரசாங்கப் பல்கலைக்கழக இடங்களுக்கான பொது விண்ணப்ப முறையான யு.பி.யு. மூலம் விண்ணப்பித்து, மலாயாப் பல்கலைக்கழகத்திலோ பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலோ நான்கு ஆண்டுகள் சட்டம் பயில்கிறார். இரண்டாம் வழியில், ஓராண்டு அடிப்படைப் படிப்போ ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஏ லெவலோ முடித்து, தனியார் கல்லூரியில் இருந்தபடியே லண்டன் பல்கலைக்கழகத்தின் மூன்றாண்டு வெளிவாரிப் பட்டத்துக்குப் படித்து, பிறகு இங்கே வழக்கறிஞராகத் தகுதி பெறுவதற்கான சி.எல்.பி. தேர்வை எழுதுகிறார். தனியார் வழி விரைவானது என்று பலர் நம்புகிறார்கள். சி.எல்.பி.க்கான ஓராண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் இரண்டும் ஐந்து முதல் ஐந்தரை ஆண்டுகளில் வந்து நிற்கின்றன; படிவம் ஆறுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான சில மாதக் காத்திருப்பும் அரசாங்க வழியில் கூடும்.

செலவில் ஒப்பீடே இல்லை. படிவம் ஆறு ஏறக்குறைய இலவசம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் கட்டணம் அரசு மானியத்தால் சில ஆயிரம் ரிங்கிட்டில் அடங்கிவிடுகிறது. அரசாங்க உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். கட்டணத்தையும் உணவுச் செலவின் ஒரு பகுதியையும் தாங்கும். முதல் வகுப்பில் தேறுவோர் நிபந்தனைகளுக்குட்பட்டுக் கடன்விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். தனியார் வழியிலோ கட்டணமே பல பத்தாயிரம் ரிங்கிட். கடன் கிடைத்தாலும் அதற்கொரு உச்சவரம்பு உண்டு, எஞ்சியதைக் குடும்பம் கட்ட வேண்டும். அந்தத் தாயாரின் இ.பி.எஃப். போவது இந்த எஞ்சிய தொகைக்குத்தான்.

பணத்தைவிடப் பெரிய வேறுபாடு பட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. மேற்சொன்ன இரு பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டதாரிகள் சி.எல்.பி. எழுதத் தேவையில்லை; நேராக, அனுபவமுள்ள வழக்கறிஞரிடம் தொழில் பயிலும் ஒன்பது மாத சேம்பரிங்கில் சேரலாம். லண்டன் பட்டதாரிகளோ உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம் உள்ளிட்ட ஐந்து தாள்களைக் கடக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் இங்கிலாந்துச் சட்டத்தைப் படித்துவிட்டு, நம் நாட்டுச் சட்டத்தை ஆழமாக முதன்முதலில் சந்திப்பதே அந்தக் கட்டத்தில்தான். தோட்டம் விற்கப்பட்டு லயத்தைக் காலிசெய்யும்படி நோட்டீஸ் வரும்போது நமக்குத் தேவைப்படுவது நிலப் பதிவேடே உரிமையை முடிவு செய்யும் டோரென்ஸ் முறையில் அமைந்த தேசிய நிலச் சட்டத்தொகுப்பும், தொழிலாளர் வீட்டுவசதியின் குறைந்தபட்சத் தரத்தைப் பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டமும் ஆகும். இங்கிலாந்தின் நிலச் சட்டத்தை வைத்துக்கொண்டு அந்த நோட்டீசுக்குப் பதில் எழுத முடியாது.

மொழியையும் பார்க்க வேண்டும். தீபகற்பத்தின் நீதிமன்றங்களில் 1963/67ஆம் ஆண்டு தேசிய மொழிச் சட்டத்தின்படி மலாய்மொழியே முதன்மை. தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்பு வழியாக இடைநிலைப்பள்ளிக்குப் போன பிள்ளை, அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பழகுவது வழக்கறிஞர் தொழிலுக்கு நேரடிப் பயிற்சியாகும்.

இவ்வளவும் உண்மையென்றாலும் அரசாங்க வழியின் வாசல் குறுகலானது. அதை மறைத்துப் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் துரோகம். யு.பி.யு. மதிப்பீட்டில் 90 விழுக்காடு தேர்வுக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. நம் பிள்ளைகள் தோற்பது பெரும்பாலும் இந்தப் பத்தில்தான். பள்ளி முடிந்தவுடன் தோட்டத்துக்குப் போகும் பேருந்தை விட்டால் வேறு வண்டி கிடையாது என்பதால் சாரணர் கூட்டத்துக்கும் திடல் பயிற்சிக்கும் அவர்கள் நிற்பதில்லை. சராசரிப் புள்ளி 4.00 பெற்ற இருவரில் ஒருவர் நுழைய மற்றவர் வெளியே நிற்பதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது. வாரத்தில் இரண்டு நாள் பிள்ளையை அழைத்துவர நான்கு பெற்றோர் சேர்ந்து ஒரு காரை ஏற்பாடு செய்துகொள்வது, எந்த டியூஷன் வகுப்பையும்விடப் பலன் தரும். பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வை முதல் பருவத்திலேயே எழுதிவிட்டால் திரும்ப எழுதவும் காலம் இருக்கும். வரலாறும் தமிழ்மொழியும் எடுக்கும் கலைப்பிரிவு மாணவர் எந்த வகையிலும் குறைந்தவர் அல்லர்.

அரசாங்கத்தின் மற்றொரு பல்கலைக்கழக முன்படிப்பான மெட்ரிகுலேஷன் கிடைத்தால் அது சிறந்ததல்லவா என்று கேட்பவர்களும் உண்டு. அது அறிவியல், கணக்கியல், பொறியியல் போன்ற துறைகளைச் சுற்றி அமைந்தது; சட்டத்தில் உறுதியாக இருப்பவருக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை.

தனியார் வழிக்கும் நியாயமான இடம் உண்டு. எஸ்.டி.பி.எம்.மில் சறுக்கியவருக்கும், வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் படிக்க வேண்டியவருக்கும் அது திறந்திருக்கிறது. இடம் கிடைக்குமா என்ற கவலையும் இல்லை. பதினெட்டு வயதில், வேறு வழிகளை முயன்று பார்க்காமலே, பெற்றோரின் முதுமைக்கால நிதியை வைத்து அதைத் தேர்ந்தெடுப்பதைத்தான் நான் தவறென்கிறேன்.

அந்தத் தாயாரிடம் பணத்தை எடுக்க வேண்டாம், மகளைப் படிவம் ஆறில் சேருங்கள் என்று சொன்னேன். யு.பி.யு.வில் பன்னிரண்டு தேர்வுகள் வரை நிரப்பலாம். சட்டத்தை முதல் இடங்களில் வைத்து, அதற்கடுத்து உண்மையிலேயே படிக்க விரும்பும் துறைகளையும் எழுத வேண்டும் என்றும், இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக் காலம் முடியுமுன் விண்ணப்பிக்க வேண்டும் என்றும், அதுவும் கைகூடாத பிறகே தனியார் கல்லூரியின் கட்டணப் பட்டியலைக் கையிலெடுக்கலாம் என்றும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.