முன்பள்ளியில் உடல் உறுப்பு விளையாட்டு: நீண்டநாள் பாவனையில் ஸ்கிராட்ச் ஜூனியர்

யாழ்ப்பாணத்து முன்பள்ளி ஒன்றில் டப்லெட் இருந்தால், உடல் உறுப்புகளைச் சொல்லிக் கொடுக்கக் காசு கொடுத்துச் செயலி வாங்கத் தேவையில்லை. சிறுபிள்ளைகள் கட்டைகளைக் கோத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச் ஜூனியர் செயலி போதும். இலவசம், இறக்கி வைத்தால் இணையம் இல்லாமலே ஓடும், ரீச்சரின் குரலையே பதியலாம்.

ஒவ்வொரு உறுப்பையும் தனிப் பாத்திரமாகக் கீறி, மஞ்சள் நிறத் ‘தொட்டால் தொடங்கு’ கட்டையோடு (கட்டை என்பது திரையில் இழுத்துப் பொருத்தும் கட்டளைத் துண்டு) பச்சைக் குரல் கட்டையை இணைத்தால் வேலை முடிந்தது. பதியும்போது மின்விசிறியை நிற்பாட்டுங்கள், இல்லாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும். உறுப்பு திரையில் 2 சென்றிமீற்றருக்குக் குறையக் கூடாது. முழு உருவத்தில் கண்ணும் மூக்கும் நெருங்கிவிடும், பிள்ளையின் விரல் பக்கத்து உறுப்பில் மாறி விழும். முகத்துக்குத் தனிப்பக்கம் வையுங்கள்.

நன்றாக எடுபடுவது, சாப்பிட்ட புட்டு உடலுக்குள் போகும் பயணம். ஒரு செயற்திட்டத்தில் 4 பக்கங்கள்தான் சேரும்: வாயும் உணவுக்குழாயும், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல். கடைசிப் பக்கத்துக்காகத்தான் பிள்ளைகள் காத்திருப்பார்கள். வெட்கப்படாமல் கீறுங்கள்.

டப்லெட்டைத் தொகுக்கும் திரையில் பிள்ளையிடம் கொடுத்தால், பாத்திரத்தை அழுத்திப் பிடித்தவுடன் சிவப்புப் பெருக்கல் குறி வரும். அதைத் தொட்டால் ஈரல் காணாமற் போகும். முழுத்திரைக்கு மாற்றிவிட்டே கையில் கொடுக்க வேண்டும். ‘மூக்கு எங்கே?’ என்று கேட்டுத் தொடச் சொல்லும்போது, பிழையான விடைக்கு வேடிக்கைச் சத்தம் வைக்கவே வைக்காதீர்கள். அதைக் கேட்பதற்கென்றே பிழையாகத் தொடுவார்கள். பிழைக்கு மௌனம், சரிக்குக் கைதட்டல்.

பெரிய சிக்கல் இடம் வலம். திரையில் உருவம் எதிரே பார்த்து நிற்பதால் அதன் இடக்கை பிள்ளையின் வலப்பக்கம் இருக்கும். இதயத்தைக் காட்டச் சொன்னால் வலது நெஞ்சில் கை வைப்பது இதனால்தான். இடம் வலம் படிப்பிக்கும் பக்கத்தில் உருவத்தை முதுகு காட்டி நிற்கக் கீறுங்கள். இதயத்துக்குத் திரையை வைத்துவிட்டு முற்றத்துக்குக் கூட்டிப்போய், அரை நிமிடம் துள்ளவிட்டு, நெஞ்சின் நடுவில் சற்று இடப்பக்கமாகக் கை வைக்கச் சொல்லுங்கள். அளவு அவரவர் பொத்திய கையளவு. இதைச் செய்யாத வகுப்பில் பிள்ளைகளுக்குப் படத்தின் இதயம் தெரியும், தங்களுடையது தெரியாது.

ஒரு டப்லெட்டுக்கு மூன்று பேர், பத்து நிமிடம். 2 முதல் 4 வயதினருக்கு நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டல். வீட்டுத் தொலைபேசியையும் அதில் சேர்த்தே கணக்குப் பாருங்கள்.