ஆபரேஷன் வார்டுக்கு டென்ஸ் கருவி: குமிழைத் திருப்பத் தயங்கினால் காசு வீண்

வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் ஆனவருக்கு, அசையாமல் படுத்திருக்கும்வரை தையல் வலி எப்படியோ தாங்கும். இருமச் சொன்னால்தான் உயிர் போய் உயிர் வரும். அந்தப் பயத்தில் இருமாமலே இருந்தால் சளி கட்டி நிமோனியா வரை போகும். மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் மயக்கமும் குமட்டலும். இந்த இக்கட்டில் கைகொடுப்பது டென்ஸ் (TENS), அதாவது தோல்வழி மெல்லிய மின்துடிப்பு அனுப்பி வலியைக் குறைக்கும் கருவி. படுத்திருக்கும்போது உள்ள வலியைவிட, இருமும்போதும் நடக்கும்போதும் வரும் வலிக்குத்தான் இது நன்றாகக் கேட்கிறது.

இங்கே பார்ப்பது 9 வோல்ட் பேட்டரியில் ஓடும், இரண்டு சேனல் (தனித்தனி மின்வழி), தோலில் ஒட்டும் நான்கு பேட் உள்ள கையடக்கக் கருவி. மேலே மின்துடிப்பின் அளவை ஏற்றி இறக்க இரண்டு குமிழ்கள். மூடியைத் திறந்தால் அதிர்வெண், துடிப்பின் அகலம், நேரம் ஆகியவற்றை மாற்றலாம். தோல்வழி போகும் மின்துடிப்பு, தொடுவுணர்வு நரம்புகளைத் தூண்டி, வலிச் செய்தியை முதுகுத்தண்டிலேயே மடக்குகிறது. 1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன வாயில் கோட்பாடுதான் இதன் அடிப்படை.

ஆபரேஷன் வலிக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸ் அதிர்வெண், 100 மைக்ரோ செகண்ட் அகலம் போதும். 2 முதல் 4 ஹெர்ட்ஸில் தசை துடிக்கும். புதுத் தையலுக்குப் பக்கத்தில் அது வேண்டாம். பேட்டை வெட்டுக்கு இரு பக்கமும், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, நல்ல தோலில் ஒட்ட வேண்டும். முதலில் ஈரத்துணியால் துடையுங்கள். தேங்காய் எண்ணெயோ பவுடரோ தைலமோ மிச்சமிருந்தால் பேட் ஒட்டாது. முடியைக் கத்தரியுங்கள், சிரைக்காதீர்கள். சிரைத்த இடம் சுரீரென்று எரியும்.

பாதி வார்டுகளில் கோட்டைவிடுவது அளவில்தான். லேசாகக் கூச்சம் தெரிந்ததுமே நிறுத்திவிட்டு, "இதெல்லாம் வேலை செய்யாது" என்று பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். வலிக்காமல், தசை இழுக்காமல், ஆனால் நன்றாக உறைக்கிற அளவுக்கு ஏற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் பழகி உணர்ச்சி மங்கும். அப்போது இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2003இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், அளவு போதுமானதாக இருந்த இடங்களில் ஆபரேஷனுக்குப் பிந்தைய வலிமருந்துத் தேவை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றே கூடுதலாகக் குறைந்திருந்தது. மருந்துக்குத் துணைதான், மாற்று இல்லை. மூச்சுப் பயிற்சிக்குப் பத்து நிமிடம் முன்பே போட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே, தையல்மேல் தலையணையை அணைத்துப் பிடித்தபடி இருமச் சொல்லுங்கள்.

குமிழ் வைத்த மாடலையே வாங்கச் சொல்வோம். ஏதாவது என்றால் ஒரே திருப்பில் அடங்கும். பட்டன் மாடலில் அழுத்தி அழுத்தி இறக்க வேண்டும். மலிவான குமிழில் ஒரு குறை: கொஞ்ச தூரம் ஒன்றும் தெரியாது, பிறகு திடீரென்று தூக்கிப்போடும். வாங்கும் முன் உங்கள் முன்கையிலேயே வைத்துப் பாருங்கள்.

பேட்தான் தொடர்செலவு. ஓரம் காய்ந்து பாதி தூக்கிக்கொண்டால், மின்சாரம் முழுதும் மிச்ச இடத்தில் குவிந்து முள்ளாகக் குத்தும். ஒரு சொட்டுத் தண்ணீர் தடவினால் சில தடவை தாங்கும், அவ்வளவுதான். ஒருவர் பேட்டை இன்னொருவருக்குப் போடவே கூடாது. பெயர் எழுதி அவரவர் கவரில் வையுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் செருகும் ஊசியோடு சேரும் இடத்தில் உள்ளே அறுந்துவிடும், வெளியே தெரியாது. பேட் கழன்றால் குமிழை பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவந்த பிறகே திரும்ப ஒட்டுங்கள். இல்லையென்றால் நோயாளி அலறுவார், அடுத்த முறை தொடவே விடமாட்டார்.

பேஸ்மேக்கர் உள்ளவருக்கு வேண்டாம். இதய ஆபரேஷனுக்குப் பின் தற்காலிக பேசிங் ஒயர் (இதயத் துடிப்பைச் சீராக்க வைக்கும் மின்கம்பி) இருப்பவருக்கும் அதே கதைதான். கழுத்தின் முன்புறம், கர்ப்பிணியின் வயிறு, மரத்துப்போன தோல் ஆகிய இடங்களில் ஒட்டக் கூடாது. ஈசிஜி மானிட்டரில் இருப்பவருக்குப் போடும்போது டியூட்டி நர்ஸிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திரையில் கோடு கன்னாபின்னாவென்று ஓடும், அலாரமும் அடிக்கும்.