பரணில் கிடைக்கும் யேசுதாஸ்: இசைத்தட்டா, கேசட்டா?

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது யேசுதாஸின் பதிவுகள் இன்னும் கிடைக்கின்றன. எதை எடுப்பது என்று குழம்புகிறவர்களுக்கு இது.

விலை: கேசட்தான் மலிவு. இசைத்தட்டுக்கு இப்போது பவுசு கூடிவிட்டது.

ஆயுள்: இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, ரெண்டையும் விடாது. ஆனால் தட்டில் பூஞ்சை பிடித்தால் பதமாகக் கழுவிவிடலாம், கேசட்டில் நாடாவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் நாடாவை அழுத்திப் பிடிக்கிற குட்டிக் கம்பளித் துண்டு வேறு உதிர்ந்திருக்கும், அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வசதி: சி-60 கேசட் பக்கத்துக்கு 30 நிமிடம் ஓடும். தட்டை அதற்குள் திருப்பிப் போட வேண்டும்.

அறுபதுகளின் சினிமாப் பாட்டுக்குத் தட்டு. 1980இல் திருவனந்தபுரத்தில் அவர் தொடங்கிய தரங்கிணி இசை நிறுவனத்தின் பக்திப் பாட்டு போதுமென்றால் கேசட், ஆனால் வாங்கியதும் கணினியில் ஏற்றிவிடுங்கள்.