ஜிப்சியின் முன் டிஸ்க்: லேத்தில் சீவுவதா, புதுசு போடுவதா?

பிரேக் மிதித்தால் பெடல் காலை உதறுகிறது, ஸ்டியரிங்கும் கூடவே ஆடுகிறது. பழைய மாருதி ஜிப்சி ஜீப்போடு பட்டறைக்குப் போனால் இரண்டு யோசனை சொல்வார்கள்: முன் சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தகட்டை, அதாவது டிஸ்க்கை, லேத்தில் (கடைசல் எந்திரத்தில்) கொடுத்துச் சீவலாம், இல்லையென்றால் ஜோடியாகப் புதுசு போடலாம்.

அதற்கு முன்னால் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஹப் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) சுழலும் பேரிங் தளர்ந்திருந்தால் இரண்டுமே வீண்செலவு.

சீவுவது மலிவு, மறுக்கவில்லை. ஆனால் ஜிப்சியின் முன் டிஸ்க் நடுவில் காற்றுவழி இல்லாத ஒற்றைத் தகடு. புதிதில் 10 மி.மீ. தடிமன், 8.5-க்குக் கீழே போனால் ஆகாது. மொத்தக் கையிருப்பே ஒன்றரை மில்லிதான். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தின்றது போக மிச்சத்தில்தான் லேத்காரர் கை வைக்க வேண்டும். டிஸ்க்கைக் கோணலாகப் பிடித்துச் சீவிவிட்டால் உதறல் அப்படியே இருக்கும், தடிமன் மட்டும் போயிருக்கும். மெலிந்த டிஸ்க் சட்டென்று சூடேறும். வால்பாறையிலிருந்து ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது அது காலுக்கே தெரியும்.

அளப்பதிலும் ஏமாறுவோம். வெளி விளிம்பில் பேட் படாத உதடு ஒன்று நிற்கும். தடிமன் அளக்கும் வெர்னியர் அதைத்தான் பிடிக்கும். எனக்கு 9.8 காட்டியது, சந்தோஷப்பட்டேன். பிறகு பேட் தேய்த்த இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாணயம் வைத்து அளந்து, நாணயங்களின் தடிமனைக் கழித்தேன். 8.7! சீவும் பேச்சு அதோடு முடிந்தது.

புதுசு மாட்டுவதும் ஜிப்சியில் பெரிய வேலையில்லை. 80 சீரிஸ் லேண்ட் குரூசரில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் இருப்பதால் பேரிங்வரை பிரிக்க வேண்டும். இங்கே பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரைக் கழற்றிக் கம்பியில் கட்டிவிட்டு (பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாதீர்கள்), டிஸ்க்கிலேயே இருக்கும் இரண்டு மரை ஓட்டைகளில் 8 மி.மீ. போல்ட் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் தானாக வெளியே வரும். சுத்தியலால் அடித்தால் அடி பேரிங்குக்குத்தான். ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்க்க வேண்டும். ஒரு துருச் செதில் உள்ளே மாட்டினாலும் புது டிஸ்க் உதறும். டிஸ்க்கின் மேல் பூசிவரும் எண்ணெயை பிரேக் கிளீனரால் கழுவி, பேடையும் புதிதாகப் போடுங்கள்.

காயலான் கடை டிஸ்க்கா? அது இன்னொருவர் தேய்த்து முடித்தது. ஓட்டை போட்ட ஸ்டைல் டிஸ்க் ஜிப்சிக்குத் தேவையில்லை.

9.5-க்கு மேல் தடிமனும் லேசான கோடுகளும் இருந்தால் மட்டும் சீவுங்கள். என் பழைய ஜோடி இப்போது மாடித் தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பாரம்.