மொன்ட்ரியால் ஐஸ் அகாடமி: ஒரு ரசிகையின் மதிப்பீடு

ஒரு பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதில் படித்திருக்க வேண்டும் என்பார்கள். ஐஸ் டான்ஸ், அதாவது ஆணும் பெண்ணும் ஜோடியாகப் பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் நடனப் போட்டி விஷயத்தில் எனக்கு அதில் உடன்பாடில்லை. பள்ளியில் வருடக்கணக்கில் நடக்கும் உழைப்பெல்லாம் கடைசியில் நாலு நிமிட ஆட்டமாக நம் கண்முன் வந்துவிடுகிறது. பல சீசன்களாக அதைப் பார்த்துவரும் உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

2014-இல் கனடாவின் மொன்ட்ரியால் நகரிலுள்ள காட்புவா விளையாட்டு வளாகத்தில் இந்த அகாடமியைத் தொடங்கியவர்கள் மரி-பிரான்ஸ் துப்ருய், அவர் கணவர் பத்ரிஸ் லோசோன். பிரான்ஸிலிருந்து வந்த ரொமேன் அகெனோவர் கூட்டாளி. துப்ருய்–லோசோன் ஜோடி ஐந்து முறை கனடா சாம்பியன். 2006 டூரின் ஒலிம்பிக்கில், சுழன்றபடி ஜோடியைத் தூக்கும் லிஃப்டில் பிடி நழுவி மரி-பிரான்ஸ் பலமாக விழுந்தார். லோசோன்தான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்; போட்டியிலிருந்து விலகினார்கள். அடுத்த மாதமே கல்கரியில் உலக சாம்பியன்ஷிப் வெள்ளி, மறு வருடம் டோக்கியோவிலும் வெள்ளி. உலகத் தங்கம் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆனால் 2015 முதல் 2019 வரை ஐந்து வருடமும் அது அவர்களுடைய மாணவர்களுக்குத்தான் போனது.

காரணம் கோரியோகிராபியில், அதாவது நடன அமைப்பில் இருக்கிறது என்பேன். ஐஸ் டான்ஸில் மூன்று நான்கு சுற்றுத் தாவல்கள் கிடையாது. முழங்கால் மடங்கும் விதமும், காலணியின் அடியிலுள்ள பிளேடின் எந்த எட்ஜில் (விளிம்பில்) சாய்கிறார்கள் என்பதும், இருவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும்தான் முதல். மரி-பிரான்ஸ் அமைத்த ஆட்டங்களில் ஒரு அசைவு முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது. லிஃப்டுக்குத் தயாராவதுகூட நடனமாகவே இருக்கும்.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கைப் பாருங்கள். தங்கத்துக்கு மோதிய இரண்டு ஜோடிகளும் இதே பள்ளி. கனடாவின் டெஸ்ஸா வர்ச்சு–ஸ்காட் மோயருக்கு 'மூலான் ரூஜ்' இசை: கோபமும் வேகமும் கொதிக்கும். பிரான்ஸின் கப்ரியேலா பாப்பதாகிஸ்–கியோம் சிஸெரோனுக்கு பேத்தோவனின் 'மூன்லைட் சொனாட்டா': தண்ணீர் ஓடுகிற மாதிரி. போட்டி இரண்டு நாள், இரண்டு ஆட்டம்; முதல் நாள் பாப்பதாகிஸின் உடையில் கழுத்துக் கொக்கி ஆட்டம் தொடங்கியதுமே கழன்றுவிட்டது. அப்படியும் நிறுத்தாமல் ஆடி முடித்தார். இரண்டு ஆட்டங்களின் மொத்தப் புள்ளியில் கனடா ஜோடிக்கு 206.07, பிரெஞ்சு ஜோடிக்கு 205.28; தங்கம் கனடாவுக்கு. வித்தியாசம் 0.79! ஒரே ஆசிரியர்களிடமிருந்து இவ்வளவு மாறுபட்ட இரண்டு ஆட்டங்கள் வந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம்.

குறையும் உண்டு. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 23 ஜோடிகளில் 11 இவர்களிடம் பயின்றவை. மெதுவான பியானோ, ஏக்கமான குரல், காற்றில் நீளும் கைகள் என்று நடுத்தர ஜோடிகள் பலர் ஒரே அச்சில் வார்த்தது போலத் தெரிகிறார்கள். உச்சத்தில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் தனித்தன்மை அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதோடு, போட்டியாளர்கள் எல்லோருக்கும் ஒரே கோச் என்பது இந்த விளையாட்டுக்கு நல்லதல்ல என்பது என் உறுதியான எண்ணம். மற்ற பள்ளிகளும் வளர வேண்டும்.

ஸ்காட் மோயர் இப்போது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலுள்ள லண்டன் நகரில் இதே அகாடமியின் கிளையில் கோச்சாக இருக்கிறார். சொந்த ஊர் இல்டர்டன் பக்கத்திலேயே. அவர் கையில் வளரும் ஜோடிகளையும் கவனித்து வருகிறேன்.

ஐந்துக்கு நாலரை தருவேன். புதிதாகப் பார்ப்பவர்கள் 2018-இன் அந்த இரண்டு ஃப்ரீ டான்ஸையும் (இரண்டாம் நாள் ஆட்டம்) அடுத்தடுத்துப் பாருங்கள். அன்றைய ஃப்ரீ டான்ஸில் மட்டும் பார்த்தால் பிரெஞ்சு ஜோடிக்குத்தான் கூடுதல் புள்ளி, 123.35. என் ஓட்டும் அவர்களுக்கே.