வேலிக்காலில் துளை போட ரௌட்டர்: மிஷினுக்கு முழு மார்க், ஜிக்குக்குப் பாதிகூட இல்லை

கன்றுக்குட்டிகள் தோட்டத்துக்குள் புகுந்து வெண்டையைக் காலி செய்தது மூன்றாவது முறை ஆனதும், சரி, ஒரு பக்கமாவது உருப்படியாக வேலி போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். எங்கள் காங்கேயம் பக்கம் கொறங்காட்டுக்கு, அதாவது மேய்ச்சல் நிலத்துக்கு, கிளுவை வேலி, மற்ற இடத்தில் கல்லுக்கால் நட்டு முள்கம்பி. மரத்தில் போடுகிறேன் என்றதும் கரையானுக்கு விருந்தா என்று சிரித்தார்கள். அடியில் தார் பூசியிருக்கிறேன், பார்ப்போம்.

மர மில்லில் நாலுக்கு நாலு இஞ்சில் 14 வேப்பங்கால் அறுத்து வாங்கினேன். ஒவ்வொரு காலிலும் மூன்று துளை, அதில் ஒன்றரைக்கு மூன்று இஞ்ச், அதாவது 38க்கு 76 மி.மீ., குறுக்குச்சட்டம் நுழைந்து நிற்க வேண்டும். ஆக மொத்தம் 42 துளை. ஆசாரி ஒரு காலை உளியில் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்கு என்னைக் கூப்பிடாதீங்க தம்பி, மிஷின் பாருங்க” என்று சொல்லிவிட்டார். மச்சான் திருப்பூரில் ஃபர்னிச்சர் பட்டறை வைத்திருக்கிறார், அவரிடமிருந்து மகிட்டா ஆர்பி2301எஃப்சி ரௌட்டரை, அதாவது சுழலும் வெட்டுமுனையால் மரத்தைக் குடையும் மிஷினை, இரண்டு வாரத்துக்கு வாங்கி வந்தேன். அளவு மாறாமல் வெட்ட ரௌட்டருக்கு வழிகாட்டும் அச்சான ஜிக் மட்டும் ஆன்லைனில், 3,800 ரூபாய்.

முதலில் ரௌட்டர். 2100 வாட், வேகம் நிமிடத்துக்கு 9,000 முதல் 22,000 சுற்று வரை மாற்றிக்கொள்ளலாம், எடை ஆறு கிலோ சொச்சம். காலைக் கீழே படுக்கவைத்து மேலிருந்து வெட்டுவதால் அந்த எடை தொந்தரவே இல்லை, மிஷின் ஆடாமல் உட்காருவதற்கு அதுதான் கைகொடுக்கிறது. ஆனால் எனக்கு உண்மையில் உதவியது 70 மி.மீ. இறங்கும் ஆழம். இரண்டு பக்கமிருந்தும் பாதிப்பாதியாக வெட்டினால் 50 மி.மீ. போதுமே என்றுதான் தோன்றும், ஆனால் மிஷின் உட்காருவது மரத்தின் மேல் அல்ல, ஜிக்கின் மேல், அந்த 12 மி.மீ. கனத்தையும் சேர்த்தால் 62 ஆகிவிடும், 60 மட்டுமே இறங்கும் ரௌட்டராக இருந்தால் நடுவில் ஒரு தகடு மரம் மிஞ்சி நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வாங்குவதற்கு முன் இந்த ஒரு எண்ணைப் பாருங்கள்.

இப்போது ஜிக். அலுமினியச் சட்டம், நடுவில் நீள அகலம் மாற்றக்கூடிய திறப்பு, ஒரு பக்கம் காலோடு அணைந்து நிற்கும் தாங்கி. படத்தில் அழகுதான். மூன்றாவது காலில் அதிர்வு தாங்காமல் திருகு தளர்ந்து, 38 மி.மீ. இருக்க வேண்டிய துளை 41 ஆகிவிட்டது, குறுக்குச்சட்டம் உள்ளே போய் லொடலொடவென்று ஆடியது. நானும் ஒரு தப்பு செய்தேன், அதை ஜிக் மேல் போட முடியாது. மில் கால்கள் எல்லாம் சரியாக 100 மி.மீ. இருக்காது, 98 இருக்கும், 103 இருக்கும். காலைப் புரட்டிப் போடும்போது தாங்கியை எதிர்முகத்துக்கு மாற்றிவிட்டேன், இரண்டு பக்கத் துளையும் நடுவில் சந்திக்காமல் படிக்கட்டு மாதிரி நின்றன. ஒரு முகத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுவிட்டு, எந்தப் பக்கம் வெட்டினாலும் தாங்கியை அந்த முகத்திலேயே அணைக்க வேண்டும். திருப்பி அனுப்பலாம் என்று விற்றவருக்கு எழுதினேன், “பயன்படுத்திய பொருள்” என்று பதில் வந்தது.

அப்புறம் மிச்சப் பிளைவுட்டில் நானே ஒன்று செய்தேன். கணக்கு இவ்வளவுதான்: கைடு புஷ் (ரௌட்டரின் அடியில் மாட்டி, திறப்பின் ஓரத்தை ஒட்டி ஓடும் வளையம்) வெளிவிட்டம் 30 மி.மீ., பிட் (வெட்டுமுனை) அரை இஞ்ச், அதாவது 12.7, வித்தியாசம் 17.3. வேண்டிய துளை 38க்கு 76 என்றால் பிளைவுட்டில் 55.3க்கு 93.3 திறக்க வேண்டும். சட்டம் இறுகாமல் நுழைய நான் அரை மி.மீ. கூட விட்டேன். கீழே ஒரு ரீப்பரைத் திருகி முடுக்கினேன், அது தளரவே இல்லை.

வெட்டும்போது ஒரே மூச்சில் இறக்காதீர்கள், தடவைக்கு ஐந்து மி.மீ. போதும். நான் டிரில்லில் முதலில் நாலைந்து ஓட்டை போட்டு மரத்தைக் குறைத்துவிட்டுத்தான் ரௌட்டரை வைத்தேன், பிட்டும் சூடாகவில்லை. துளைக்குள் கடிகாரம் சுற்றும் திசையில் நகர்த்துங்கள், மாற்றிப் போனால் மிஷின் கையைப் பிடித்து இழுக்கும். மாஸ்க் கட்டாயம். வேப்பந்தூசி நாக்கில் பட்டால் சாயங்காலக் காப்பிகூடக் கசக்கிறது. மூலைகள் வட்டமாகத்தான் வரும், அதை உளியில் சதுரமாக்காமல் சட்டத்தின் முனையை அரத்தால் உருட்டிவிட்டேன்.

பழகியதும் ஒரு துளைக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. வருடத்துக்கு ஒரு வேலி போடுபவர் இந்த ரௌட்டரைச் சொந்தமாக வாங்கத் தேவையில்லை, யாரிடமாவது இரவல் கேளுங்கள். ஜிக்கைக் காசு கொடுத்து வாங்கவே வாங்காதீர்கள். படிக்கட்டுத் துளை விழுந்த காலை வீட்டுப் பின்பக்கம் நட்டுவிட்டேன், துணி காயப்போடும் கயிறு அதில்தான் கட்டியிருக்கிறது.